நர்சிங் வகுப்பு தொடங்கும் முன் மருத்துவமனையில் தொண்டு செய்ய விருப்பம்: யாரிடம் கேட்பது, எதைச் செய்யலாம்?

கேள்வி: தங்கச்சிமடம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவள். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் தேர்ச்சி பெற்று, பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். தரவரிசைப் பட்டியல் வந்து, கலந்தாய்வு முடிந்து, வகுப்பு தொடங்க இன்னும் சில மாதங்கள் ஆகும் என்று எங்கள் பள்ளி ஆசிரியை சொன்னார். அந்த மாதங்களில் ஏதேனும் ஒரு மருத்துவமனையில் ஊதியம் எதிர்பாராமல் உதவி செய்து, நோயாளிகளோடு பழகிக்கொள்ள விரும்புகிறேன். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். எங்கள் உறவில் மருத்துவத் துறையில் ஒருவரும் இல்லாததால், இதை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

பக்கத்து ஊரிலுள்ள ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் அப்பாவே நேரில் போய் விசாரித்தார். "நாளைக்கே அனுப்புங்கள், ஒரு மாதத்தில் ஊசி போடவும் குளுக்கோஸ் ஏற்றவும் பழக்கிவிடுகிறோம், கைச்செலவுக்குப் பணமும் தருகிறோம்" என்று அங்கே சொன்னார்களாம். கல்லூரிக்குப் போகும்போதே வேலை தெரிந்திருந்தால் நல்லதுதானே என்று சித்தப்பா சொல்கிறார். எனக்கு அது சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கேட்டால் என்னைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா? சேர்த்துக்கொண்டால் என்ன வேலை தருவார்கள்? அங்கே உதவி செய்ததற்குச் சான்றிதழ் வாங்கினால், கல்லூரிச் சேர்க்கையில் அதற்கு மதிப்பு உண்டா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்மையில் அம்மாவின் பாதத்தைப் பாறை கிழித்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப் பிரித்தபோது, துணி புண்ணோடு ஒட்டியிருந்ததால், சிஸ்டர் அதன்மேல் சலைன் விட்டு நனைத்து, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக எடுத்தார். அம்மா முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கண் இருட்டி, காது அடைத்துக்கொண்டது. இப்படிப்பட்டவள் நர்சிங் படிக்கலாமா என்ற கேள்வி அன்றிலிருந்து மனத்தில் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர், பரமக்குடி

அன்புள்ள மகளே, அரசு மருத்துவமனைகளில் செவிலியராகவும் பிறகு செவிலியர் கண்காணிப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எளிதில் பதில் சொல்லக்கூடியதை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. நர்சிங் இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன. தொண்டு செய்த சான்றிதழுக்கு அதில் மதிப்பெண் கிடையாது. அமெரிக்கா போன்ற நாடுகளில் விண்ணப்பத்தோடு இத்தகைய அனுபவத்தையும் பார்க்கிற கல்லூரிகள் உண்டு. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அந்த நாட்டு மாணவர்களுக்காக எழுதப்பட்டவை. ஆகவே சான்றிதழை நினைத்து எங்கும் போக வேண்டாம்.

அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போகாதே என்று உறுதியாகச் சொல்கிறேன். ஊதியம் கொடுத்து ஊசியும் கொடுத்தால் அதற்குப் பெயர் தொண்டு அன்று. படிக்காத பிள்ளையைச் செவிலியர் இடத்தில் நிறுத்துவது. இந்த மாநிலத்தில் செவிலியர் பதிவுக்கான சட்டம் 1926ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. 2023இல் நாடு முழுமைக்கும் தேசிய ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. படித்து, தேர்ச்சி பெற்று, மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர்தான் செவிலியர். சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், ஊசி என்பது கைப்பழக்கத்தால் மட்டும் வருகிற வேலை அன்று. புட்டத்தில் போடும்போது இடம் சிறிது தவறினால் காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு சேதப்பட்டு, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போய்விடும். பொட்டாசியம் குளோரைடு பார்வைக்குத் தண்ணீர் போலத்தான் இருக்கும். பாட்டிலில் கலந்து மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றினால் நோயாளியைக் காக்கும், அதையே ரத்தக் குழாயில் நேரடியாக வேகமாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இந்தக் காரணங்களை அறியாமல் ஒரு மாதத்தில் பழகிய கை, எது நேர்ந்தாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாத கை. ஏதாவது தவறாகிவிட்டால் அந்த மருத்துவமனை உன் பக்கம் நிற்கும் என்று நம்புவதற்கும் இடமில்லை. பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டுவது போன்ற தவறான பழக்கங்கள் அங்கே ஒட்டிக்கொண்டால், கல்லூரியில் அவற்றை மாற்றுவதற்கு ஆசிரியர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் முதலில் பயிற்சிக் கூடத்தில் பொம்மைமேல் செய்ய வைத்து, பிறகு ஆசிரியர் பக்கத்தில் நிற்க வார்டில் செய்ய வைப்பார்கள். அந்த வரிசையில் வருவதுதான் உனக்கும் நல்லது, உன்னிடம் வரப்போகும் நோயாளிக்கும் நல்லது.

அரசு மருத்துவமனைகளில் தன்னார்வலர்களைச் சேர்ப்பதற்கென்று எல்லா இடத்திலும் தனி ஏற்பாடு இருப்பதில்லை. நேரில் போய்க் கேட்க வேண்டும். இராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனை அதன் மருத்துவமனையாகிவிட்டது. அங்கே முதல்வரிடமோ நிலைய மருத்துவ அலுவலரிடமோ எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் உனக்கு இராமேசுவரம் அரசு மருத்துவமனையே பக்கம். அங்கே தலைமை மருத்துவரைப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தால் அதன் மருத்துவ அலுவலர். அனுமதி கிடைத்த பிறகு பொறுப்பில் உள்ள சிஸ்டரைத் தனியே சந்தித்து, "நான் எந்த நேரத்தில் வந்தால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்" என்று கேள். இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையை எந்த வார்டிலும் திருப்பி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

பெரும்பாலும் உன்னைப் புறநோயாளிகள் பகுதியில்தான் நிறுத்துவார்கள். அதைக் குறைவாக நினைக்காதே. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை வாங்க வரும் கடற்கரை ஊர்க் கிழவிகளைக் கவனித்துப் பார். ஓ.பி. சீட்டைச் சுருக்குப் பையில் நான்காக மடித்து வைத்திருப்பார்கள். அதை எடுத்து நீட்டுவதற்குள் பின்னால் நிற்பவர் முந்திவிடுவார். ரத்தப் பரிசோதனைக்கு எந்த அறை, முடிவை எங்கே வாங்குவது, திரும்ப எந்த டாக்டரிடம் காட்டுவது என்று பலகையைப் படிக்கத் தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, பாதியிலேயே வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒருவருடன் கடைசிவரை நடந்து, மாத்திரை அவர் கைக்கு வந்து சேர்வதைப் பார்த்துவிட்டு வா. ஒரு மருத்துவமனை எப்படி இயங்குகிறது, எந்த இடத்தில் நோயாளி தவறிப் போகிறார் என்பது அந்த நடையில் உனக்குப் புரியும். ஒன்றில் மட்டும் கவனமாக இரு: "இந்த மாத்திரையை எப்போது போடணும்" என்று அவர் உன்னிடம் கேட்டால், சீட்டில் எழுதியிருப்பது உனக்குப் புரிந்தாலும் நீயே சொல்லாதே, மருந்தாளுநரிடம் திரும்ப அழைத்துப் போய் அவர் வாயால் சொல்லச் செய்.

வார்டுக்குள் விட்டால், அங்கே மிகுதியாகத் தவறு நடப்பது இரக்கத்தால்தான். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர் நாக்கு வறண்டு, "ஒரு மடக்குத் தண்ணி கொடும்மா" என்று கெஞ்சுவார். கேட்கவே மனம் தாங்காது. ஆனால் வயிற்றில் நீரோ உணவோ இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம். படுத்த நிலையில் கஞ்சி ஊட்டினால் புரையேறி நிமோனியாவில் முடியும். எனவே எவருக்கும் எதையும் வாயில் கொடுப்பதற்கு முன் சிஸ்டரிடம் கேட்க வேண்டும். கொடுக்கலாம் என்று அவர் சொன்ன பிறகு, நோயாளியை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, அரைக் கரண்டியாகக் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்து, அடுத்த கரண்டியை எடு. ஊட்டி முடித்ததும் உடனே படுக்க வைத்துவிடாதே. அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்கட்டும். நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்குவது, ஆக்ஸிஜன் அளவைத் திருப்புவது, ஓடிக்கொண்டிருக்கும் குளுக்கோஸை நிறுத்துவது ஆகிய எதிலும் நீ கை வைக்கக் கூடாது. பாட்டில் தீர்ந்துவிட்டால் ஓடிப்போய்ச் சொல். அதுவே பெரிய உதவி.

ரத்தத்தைப் பார்த்துத் தலை சுற்றியதற்காகக் கவலைப்படாதே. அப்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று குறைவதால் மூளைக்கு ரத்தம் குறைந்து கண் இருட்டுகிறது. நல்ல செவிலியர்கள் பலருக்குத் தொடக்கத்தில் வந்தது அது. வெறும் வயிற்றோடு போகாதே. கண் மங்குவதுபோல் இருந்தால் தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடித்துக்கொள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிடு. நின்று சமாளிக்க முயன்றால் விழுந்து தலையில் அடிபடும். பார்க்கப் பார்க்க இது பெரும்பாலோருக்கு விட்டுவிடும். உன் கேள்வியில் என் கண்ணில் பட்டது வேறொன்று. கண் இருட்டுகிற நேரத்திலும், அந்த சிஸ்டர் துணியை எப்படி நனைத்தார், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார் என்பதை நீ பார்த்திருக்கிறாய்.

பதில்: நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி, கீழக்கரை

அம்மா சொன்னவற்றுக்கு மேல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆனாலும் கல்லூரியில் சேர்வதற்கு முன் எங்கள் ஊர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் கொஞ்ச காலம் உதவி செய்தவள் என்பதால், அதில் எது பயன்பட்டது என்று தங்கைக்குச் சொல்கிறேன். பாடத்தில் எனக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. முதல் பருவத்து உடற்கூறு இயலும் உடலியங்கியலும் எல்லோரையும் போலவே எனக்கும் கடினமாகத்தான் இருந்தன. ஆனால் முதல் நாள் வார்டுக்குள் அழைத்துப் போனபோது, என் வகுப்புத் தோழிகள் பலர் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசத் தயங்கி, சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். என்னால் ஒரு நோயாளியிடம் போய், பெயர் கேட்டு, "ராத்திரி தூங்கினீங்களா" என்று பேச்சைத் தொடங்க முடிந்தது. எந்த நேரத்தில் பணி மாறும், பணி மாறும்போது ஒரு சிஸ்டர் அடுத்தவரிடம் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைப்பது எதற்காக, அந்த நேரத்தில் ஏன் குறுக்கே போகக் கூடாது என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

உடை பற்றி ஒரு வார்த்தை. பருத்திச் சுடிதார், விரல் மூடிய செருப்பு, ஒட்ட வெட்டிய நகம் போதும். வளையல், மோதிரம் வேண்டாம். கை கழுவும்போது அவற்றின் அடியில் அழுக்குத் தங்கிவிடும். நான் தலைத்துணியின் இரு முனைகளையும் உள்ளே செருகிப் பின் குத்திக்கொள்வேன், குனியும்போது நோயாளியின் மேலோ புண்ணின் மேலோ படாமல் இருப்பதற்காக. நீ துப்பட்டா போடுகிறவளாக இருந்தால் அதற்கும் அப்படித்தான்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, பார்த்ததை வெளியே சொல்லாமல் இருப்பது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் நாம் பார்க்கும் நோயாளியை மறுபடி வாழ்நாளில் பார்க்க மாட்டோம். கீழக்கரையிலோ தங்கச்சிமடத்திலோ அப்படி இல்லை. அடுத்த தெருப் பெண் என்ன பரிசோதனைக்கு வந்தாள் என்பது உனக்குத் தெரிந்துவிடும், அடுத்த வாரமே கல்யாண வீட்டில் அவளுடைய மாமியார் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "நீ ஆஸ்பத்திரியில்தானே இருக்கே, அவளுக்கு என்னவாம்" என்று உன்னிடம் கேட்பார்கள். "அதைச் சொல்லக் கூடாது மாமி" என்று முதல் தடவையே சிரித்த முகத்தோடு சொல்லிவிட வேண்டும். தெரியாது என்று பொய் சொன்னால் அடுத்த முறையும் கேட்பார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களின் விவரத்தை வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. காசநோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவர்களும் அக்கம்பக்கத்துக் கண்களுக்குப் பயந்துதான் வருகிறார்கள். நம் ஒரு சொல்லால் ஒருவர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். வார்டுக்குள் இருக்கும்போது கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். நோயாளி தானே கேட்டாலும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: தங்கச்சிமடம் மாணவி

அம்மாவுக்கும் அக்காவுக்கும் மிகுந்த நன்றி. அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா ஏற்றுக்கொண்டார், சித்தப்பாவுக்குத்தான் கொஞ்சம் மனக்குறை. என் அம்மாவின் பயம் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாய், வீட்டில் ஆத்தாவும் தம்பியும் இருக்கிறார்கள் என்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது? மேலும், இரவுப் பணிக்கு வரச் சொல்வார்களோ என்று அப்பா கேட்கிறார்.

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர், பரமக்குடி

உன் அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிடாமல் அதற்கான காரியங்களைச் செய். முதலில் உன் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடவில்லை என்றால் இப்போதே தொடங்கிவிடு. அதற்கு மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் மூன்றாவது. இப்போது தொடங்கினால் கல்லூரியில் நீ ஊசியைக் கையில் எடுக்கும் காலத்திற்குள் பெரும்பகுதி முடிந்திருக்கும். கடைசித் தவணைக்கு ஓரிரு மாதம் கழித்து, எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். டெட்டனஸ் ஊசியையும் அப்போதே கேட்டுக்கொள்.

காசநோயாளிகள் இருக்கும் பகுதியிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் தன்னார்வலருக்கு வேலை இல்லை. அங்கே அனுப்பினால் பணிவாக மறுத்துவிடு. கை கழுவுவதை மட்டும் ஒரு சடங்கைப்போல் விடாமல் செய்ய வேண்டும். சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி வரை, விரல் இடுக்கு, கட்டைவிரலைச் சுற்றி, நக நுனி, மணிக்கட்டு என்று எதையும் விடாமல் தேய்க்க வேண்டும். நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும் கழுவ வேண்டும். பலரும் தொட்ட பின் கழுவுவார்கள், முன்னால் கழுவ மறந்துவிடுவார்கள்; நோயாளிக்குத் தொற்றைக் கொண்டுபோவது அந்த மறதிதான். வீட்டுக்குப் போனதும் உடை மாற்றிக் குளித்துவிட்டு ஆத்தாவிடம் போ. உனக்கே காய்ச்சலோ இருமலோ இருந்தால் அன்று மருத்துவமனைக்குப் போகாதே.

குப்பைத் தொட்டிகளின் நிறத்தைத் தெரிந்துகொள், எதைத் தொடக் கூடாது என்பதற்காக. ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத் துணியும் மஞ்சளில், பிளாஸ்டிக் குழாய்களும் கையுறைகளும் சிவப்பில், உடைந்த கண்ணாடியும் மருந்துக் குப்பிகளும் நீலத்தில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் வகுத்திருக்கின்றன. கீழே கிடக்கும் ஊசியைக் குனிந்து எடுக்காதே, சிஸ்டரிடம் சொல். தவறிக் குத்திவிட்டால் பிதுக்காதே, வாயில் வைக்காதே. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, யார் திட்டுவார்களோ என்று மறைக்காமல் அப்போதே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்திற்குள் தொடங்குவது சிறந்தது; 72 மணி நேரம் கடந்துவிட்டால் பயன் இருக்காது.

இரவுப் பணிக்குத் தன்னார்வலரைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் போகாதே.

பதில்: ஒரு செவிலியரின் தந்தை, பாம்பன்

தங்கச்சிமடத்துச் சகோதரருக்கு நானே நேராகச் சொல்ல விரும்புகிறேன். நானும் கடல் தொழில் செய்கிறவன். என் மூத்த மகள் நர்சிங் முடித்து மதுரையில் வேலை பார்க்கிறாள். நாம் புதிதாக வருகிற பையனிடம் முதல் நாளே சுக்கானைக் கொடுப்பதில்லை. ஐஸ் உடைக்கவும் வலை பிரிக்கவும் விட்டு, கடலில் அவன் உடம்பு தாங்குகிறதா என்று பார்க்கிறோம். மகள் செய்யக் கேட்பதும் அப்படிப்பட்ட வேலைதான், அதனால் சின்ன வேலை என்று தடுக்காதீர்கள். முதல் நாள் நீங்களே கூடப் போய், பொறுப்பு சிஸ்டரைப் பார்த்து, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். காலை ஓ.பி. நேரத்துக்குப் போய் மதியம் திரும்பிவிடுகிறபடி இராமேசுவரத்திலேயே ஏற்பாடு செய்தால் பஸ்ஸுக்கு அலைச்சல் இல்லை. தினமும் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் வருகிறேன் என்று சொன்ன நாளில் போய்விட வேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பதில்: நோய்த் தணிப்புச் சிகிச்சைச் செவிலியர், தொண்டி

மருத்துவமனையை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். தீராத நோயில் கிடப்பவர்களின் வலியையும் வேதனையையும் குறைக்க வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நோய்த் தணிப்புச் சிகிச்சையையும் இந்த மாணவி யோசிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் சென்று பார்ப்பதும் அடங்கும். உங்கள் வட்டாரத்தில் அதற்குப் போகும் செவிலியர் யார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, மருத்துவ அலுவலரின் அனுமதியும் நோயாளி வீட்டாரின் சம்மதமும் பெற்று, அவரோடு சேர்ந்து போய்ப் பாருங்கள். தனியாகப் போகக் கூடாது.

புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், முதுகுத் தண்டில் அடிபட்டவர்கள் என்று நாங்கள் பார்ப்பவர்களுக்கு வீட்டார் செய்யும் பணிவிடையில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. உதாரணமாகப் படுக்கைப் புண். பிட்ட எலும்பு, இடுப்பின் பக்கம், குதிகால் ஆகிய இடங்களில் தோல் எலும்புக்கும் பாய்க்கும் நடுவே அழுந்தி, ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண்ணாகிறது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம்மவர்களின் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. ஆகவே புறங்கையை வைத்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தருவோம். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; புரட்டும்போது இழுக்கக் கூடாது, இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். கடற்கரை வீடுகளில் நான் முதலில் பார்ப்பது விரிப்பைத்தான். வெளியே போய் வருகிறவர்களின் காலோடு மணல் வந்து விரிப்பில் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத சில துகள்கள் போதும், இரவு முழுக்க அசையாமல் கிடக்கும் உடம்பில் தோலை உரித்துவிட. விரிப்பை உதறி, சுருக்கமில்லாமல் இழுத்து விரித்து, நான்கு மூலையையும் செருகுவதை இந்த மாணவி அங்கே கற்றுக்கொள்ளலாம். நர்சிங் முதல் பருவத்தில் இதையே தேர்வில் கேட்பார்கள்.

ஏர்வாடியைப் பற்றியும் ஒரு சொல். 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த ஊர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மனநலச் செவிலியம் நர்சிங் படிப்பில் ஒரு முழுப் பாடம். மனநோய் தீர வேண்டி மக்கள் வரும் அந்த ஊர்த் தர்காவில், வேண்டுதலோடு மருத்துவச் சிகிச்சையும் சேர்ந்து கிடைக்கும்படி இப்போது அரசு ஏற்பாடு இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. இப்போதே அங்கே தொண்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன். அதற்குப் பயிற்சி வேண்டும். ஆனால் மருத்துவமனையில் ஒருவர் தனக்குத் தானே பேசிக்கொண்டு நின்றால், மற்றவர்கள் ஒதுங்குவதுபோல் ஒதுங்காமல், கூட வந்திருப்பவருக்கு ஓர் இருக்கை போட்டுக் கொடுக்கிற அளவுக்காவது இந்தப் பிள்ளை பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி கேட்டவர்: தங்கச்சிமடம் மாணவி

எல்லோருக்கும் நன்றி. இராமேசுவரத்தில் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கடிதத்தை எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்ல முடியுமா?

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர், பரமக்குடி

கையால், ஒரு பக்கத்துக்குள் எழுது. அனுப்புநர், பெறுநர் எழுதியபின், பொருள் என்ற இடத்தில் "புறநோயாளிகள் பகுதியில் ஊதியமின்றி உதவி செய்ய அனுமதி கோருதல்" என்று குறிப்பிடு. பிறகு இவ்வாறு தொடரலாம்:

"ஐயா / அம்மையீர், நான் பிளஸ் டூ தேர்ச்சி பெற்று, பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்குக் காத்திருக்கிறேன். வகுப்பு தொடங்கும் வரை வாரத்தில் மூன்று நாட்கள், காலை புறநோயாளிகள் நேரத்தில், முதியோருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வழிகாட்டி உதவ விரும்புகிறேன். ஊசி, மருந்து, கட்டு முதலிய சிகிச்சைப் பணிகள் எதிலும் ஈடுபட மாட்டேன் என்றும், நோயாளிகளைப் பற்றிய விவரங்களை வெளியே சொல்ல மாட்டேன் என்றும், பொறுப்புச் செவிலியரின் சொற்படி நடப்பேன் என்றும் உறுதி கூறுகிறேன். பெற்றோரின் சம்மதக் கடிதத்தையும், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகல்களையும் இணைத்துள்ளேன்."

18 வயது நிறைந்துவிட்டாலும் பெற்றோரின் சம்மதக் கடிதம் இருக்கட்டும். உன் பள்ளித் தலைமையாசிரியையிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் ஒன்றும் வாங்கிச் சேர்த்துக்கொள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள். திங்கட்கிழமை காலையில் போகாதே, அன்று ஓ.பி. கூட்டத்தில் அவர்களுக்கு உன்னோடு பேச நேரம் இருக்காது. வாரத்தின் நடுவில் ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் போ.